ஒன்பதாம் வகுப்பு செய்த முகம்

குதிகாலில் ஆணி இறங்கியதுபோல வலித்தது. ஆறு பீரியடும் நின்றே நடத்திய கால். சின்ன வயதில் பொதட்டூர்பேட்டையில் தறிப்பலகை மிதித்துப் பழகிய கால்தான். ஆனால் நிற்பது வேறு வலி. தமிழ்செல்வி டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தபோது முன் பெஞ்சு துர்கா எழுந்தாள்.

"மிஸ், அந்த ஆளை நேத்து பாத்தேன் மிஸ்."

"எந்த ஆளை?"

"நாம செஞ்சோமே, அவனை."

வழக்கமாக எதற்கும் கெக்கலிக்கிற ஒன்பதாம் வகுப்பு, அன்று சிரிக்கவில்லை.

போன வாரம் நடந்தது அது. வாட்ஸ்அப்பில் வருவதில் எது நிஜம், எது பொய் என்று கண்டுபிடிக்கிற பாடம். பொய்யை அவர்களே செய்து பார்த்தால் மனதில் பதியும் என்று தமிழ்செல்வி நினைத்தாள். "முன்னபின்ன தெரியாத ஒரு ஆளைச் சொல்லுங்க" என்றாள். திருத்தணிப் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத ஆள் என்றால் முருகன் மலையிலிருந்து இறங்கி வருகிறவன்தான். மொட்டை என்றான் ஒருவன். தலையில் சந்தனம் என்றான் இன்னொருவன். தோளில் துண்டு. ஒட்டிய கன்னம் என்று சொன்னது துர்கா. எல்லாவற்றையும் தமிழ்செல்வி தன் போனில், சொன்னதைப் படமாக்கித் தரும் ஏ.ஐ. ஆப்பில் தட்டினாள். நாலு நொடியில் ஒரு முகம் வந்தது. எந்தத் தாயும் பெறாத முகம்.

இடது காதின் மடல் மட்டும் மெழுகு உருகினாற்போல் தாடையோடு ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா? மிஷின் இங்கதான் மாட்டிக்கினு முழிக்குது" என்றாள். பிறகு படத்தின் கீழே, "பிள்ளை பிடிக்கிறவன் திருத்தணி பக்கம் சுத்துறான், உஷார்" என்று எழுதி, ஐந்து தப்பு கண்டுபிடித்து வரச் சொல்லி வகுப்புக் குரூப்பில் போட்டாள்.

அந்தக் குரூப்பில் இருப்பது ஒன்றுகூடப் பிள்ளைகளின் போன் இல்லை. எல்லாம் அப்பன், அம்மா, அண்ணன் போன். தறிக்கூடத்திலும் கரும்புக் கொல்லையிலும் அரக்கோணம் ரயிலிலும் இருந்த போன்கள். பாடம் கேட்டவர்கள் படத்தைப் பார்ப்பதற்குள், பாடம் கேட்காதவர்கள் பார்த்துவிட்டார்கள். டீச்சரே அனுப்பியிருக்கிறார்கள், அப்புறம் என்ன? மறுநாள் காலையில் அவள் அழித்தபோது அது பத்து ஊர் தாண்டியிருந்தது.

பிறகு அது குரல் செய்திகளோடு திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு கிழவரின் குரல்: "மணவூர் ஸ்டேஷன்ல நேருக்கு நேரா பாத்தேன்பா. காது கன்னத்தோட ஒட்டிகினு இருக்குது." ஒரு பெண்ணின் குரல்: "வாசல்ல வந்து தண்ணி கேட்டான். குடிக்கிற வரைக்கும் கண்ணை இமைக்கவே இல்லக்கா." ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து கேட்ட தமிழ்செல்வி அதை மறுபடி ஓடவிட்டாள். இமைக்காத கண்ணை யாரும் போனில் தட்டவில்லை. அது பொய்ப்படம் என்று குரூப்பில் எழுதினாள். "டீச்சரை மிரட்டி எழுத வெச்சிட்டானுங்க" என்று பதில் வந்தது.

"துர்கா, அவன் இல்லாத ஆளு" என்றாள் தமிழ்செல்வி. "கன்னம் ஒட்டி இருக்கணும்னு நீதானே சொன்னே?"

"ஆங் மிஸ். நான் சொன்ன மாதிரியேதான் இருந்தான்."

"காதைப் பாத்தியா?"

"அவன் திரும்பல மிஸ்."

அன்று கிருத்திகை. சாயங்காலம் பொதட்டூர்பேட்டை பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், ஒரே சந்தன வாடை. தமிழ்செல்விக்கு எப்படியோ சீட்டு கிடைத்தது. மூன்று சீட்டு முன்னால், எதிர் வரிசையில் ஒருவன். மடியில் ஒரு பெண் குழந்தை, அதுவும் மொட்டை, விடாமல் அழுதது. தோளில் துண்டு. கன்னம் ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லத் திரும்பினான்.

இடது காதுக்கு மடல் இல்லை. தாடையோடு ஒன்றாக இருந்தது.

அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவள் அவள். நம்புவதற்கு முன்னால் ஒப்பிட்டுப் பார் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். போனை எடுத்தாள். படத்தைத் திறந்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். படம். அவன். மறுபடி படம்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பூக்காரி குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, இவன்தான்! கொயந்தையைத் தூக்கினு போறான்!"

முதல் அடி யார் அடித்தது என்று தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதி பஸ் நிற்பதற்குள் அவன் வாயிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. "நா கூத்துரு! எம் பொண்ணுய்யா!" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினான். தமிழ்செல்வி கூட்டத்துக்குள் புகுந்து குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "விடுங்கய்யா, விடுங்க" என்றுதான் கத்தினாள். படம் பொய் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால், யார் செய்தது என்று கேட்பார்களே.

போலீஸ் வந்து, படம் யாரிடம் இருந்தது என்று கேட்டது. "எல்லார் போன்லயும் இருக்குது சார்" என்றாள் பூக்காரி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரந்தாமன் என்று பெயர். நகரி பக்கம் கட்டட வேலைக்காரன். உதட்டில் தையல். காதில் அப்பிக் காய்ந்திருந்த சந்தனத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாதாரணக் காது, கடுக்கன் போட்ட ஓட்டையோடு மடல் தனியாகத் தொங்கியது.

"நீங்க இல்லைன்னா எம் பொண்ணை மிதிச்சிருப்பாங்கம்மா" என்றான். அவன் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

தமிழ்செல்வி ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்தாள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அதே முகம், புதுச் செய்தி: பஸ்ஸில் அடிபட்டது அவன் இல்லையாம், அவன் இப்போது அரக்கோணத்தில் இருக்கிறானாம்.

"அந்தப் படத்தை யாரும்மா செஞ்சது?" என்று பரந்தாமன் கேட்டான்.

"தெரியலைங்க" என்றாள்.

பரந்தாமனுக்குத் தமிழ்செல்வி ஒரு பதில் கடன்பட்டிருக்கிறாள். அந்த முகத்தைச் செய்தது அவள் வகுப்பு, பஸ்ஸில் அதைத் திறந்து பிடித்தது அவள் கை என்பதுதான் அது. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.