றீற்றாவின் கயாக்கில் ஏறிய சாமான்கள்

"சங்கிலிப் பூட்டைத் திற, அண்ணா!"

"ஏலாது! ஞாயிற்றுக்கிழமை மாப்பிளை வீட்டார் உன்னைப் பாக்க வருகினம். நீ என்னெண்டால் சனிக்கிழமை இலங்கையைச் சுத்தப் போறாய்!"

"வாறவை உன்னைப் பாத்திட்டுப் போகட்டும்."

அல்பிரட் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக் குசினி வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதானே முற்றத்தில் நின்று கத்தினான். தங்கை றீற்றாவுக்கு முப்பத்து நான்கு வயது. துறைமுகத்தில் ஒரு கந்தோரில், பத்து வருடமாக, வந்துபோகும் கப்பல்களின் பெயர்களைக் கணினியில் அடிக்கிறாள். எல்லாக் கப்பலும் எங்கோ போயின. அவள்தான் கதிரையிலேயே இருந்தாள். அதனால் ஒரு மஞ்சள் கயாக் வாங்கினாள், ஒருவர் மட்டும் இருந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் வள்ளம். தனியாகத் தீவைச் சுற்றி வரவேண்டுமாம். "ஏன் பிள்ளை?" என்று கேட்டவர்களுக்கு, "அந்தப் பக்கம் எப்பிடி இருக்கெண்டு பாக்கத்தான்" என்றாள். இதெல்லாம் ஒரு காரணமா?

தவக்காலம் முடிந்தால்தான் கலியாணப் பேச்சு. தீவின் இரண்டு பக்கமும் கடல் அடங்குவதும் அப்போதுதான். விட்டால் அடுத்த வருடம் என்று அவளுக்குத் தெரியும். இரும்பு அறுக்கும் வாளை எடுத்து, கயாக்கை அண்ணன் கட்டிப் பூட்டியிருந்த சங்கிலியை அறுத்தாள்.

சனிக்கிழமை காலை பாதர் வந்து கயாக்கை ஆசீர்வதித்தார். அதுவரை சிரித்த தெரு முழுக்கக் கரைக்கு வந்தது. பயணம் போகிறவளை வெறுங்கையோடு அனுப்பலாமா? பாதர் அந்தோனியார் சுரூபம் கொடுத்தார். பக்கத்து வீட்டு நிரோஷினி இரண்டு போத்தல் ஊறுகாய் கொண்டுவந்தாள். கந்தோர்த் தோழி சித்தி பரீதா கிண்ணியாவிலிருந்து ஒரு பெரிய தாச்சிச் சட்டி நிறையத் தேங்காய்ப்பால் தொதலே கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் றீற்றா எல்லாவற்றையும் அடுக்கினாள்.

இருபது முழம் போனதும் கயாக் கவிழ்ந்தது.

"கடவுளே சொல்லிப்போட்டார், வீட்டை வா!" என்றான் அல்பிரட்.

"கடவுள் இல்லை அண்ணா, தொதல்."

நனைந்த உடுப்போடு கயாக்கைக் கரைக்கு இழுத்தாள். தண்ணீரையும் தன் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாக, கொடுத்தவர்களின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சுரூபத்தையும்தான். தந்ததைத் திருப்பிக் கொடுப்பது முகத்தில் அடித்த மாதிரி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கொடுத்தாள். பிறகு ஏறித் துடுப்பைப் போட்டாள், திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் கருவாடாகக் காய்ந்து வந்து சேர்ந்தாள். அந்த மாப்பிள்ளை ஆனியிலேயே மட்டக்களப்பில் ஒரு ரீச்சரைக் கலியாணம் முடித்துவிட்டார். சித்தி பரீதா இன்னும் அவளோடு கதைப்பதில்லை. அல்பிரட் மனைவியின் ஊரான நீர்கொழும்புக்குப் போய்விட்டான். றீற்றா கலியாணம் முடிக்கவில்லை. வேலையை விட்டு, இலங்கைத்துறையில் வீடு எடுத்திருக்கிறாள். அந்தமான் எவ்வளவு தூரம் என்று அங்குள்ள மீன்பிடிகாரரிடம் விசாரிக்கிறாளாம்.