மங்கலாகத்தான் இருந்தது

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. விபத்தைப் பார்த்தவர் நிரப்ப வேண்டிய படிவம். சூப்பர்வைசர் அதை என் முன் தள்ளி, "நீ பாத்தத அப்படியே எழுது, போதும்" என்றார். கதை எழுத நினைப்பவனுக்கும் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: இருண்ட அறைச் சுவரில் மூன்று ஒளிப்புள்ளிகள் மூன்று பூக்களைப் போல –

(பூவாம். அடித்துவிட்டேன்.)

மறுபடியும்: மேடைகளுக்கு லேசர் விளக்கு செய்யும் பட்டறை. ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, ஊதா. மூன்றும் சுவரில் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்புவது என் தங்கை. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். சுவரைப் பார்த்துச் சொல்வதும் நான். லேசரின் திறனை அளக்க ஒரு மீட்டர் உண்டு. அளந்தால் விளக்குக்குப் பத்து நிமிடம் கூடுகிறது என்று சூப்பர்வைசர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"ஊதா எப்படி?"

"மங்கல். ஏத்து."

"இப்ப?"

"அழுது வடியுது. இன்னும் ஏத்து."*

* மனிதக் கண் பச்சைக்குச் செல்லம் கொடுக்கும். சிவப்பை அரை மனதோடு பார்க்கும். ஊதாவைக் கண்டுகொள்ளாது. ஒரே திறனில் மூன்றையும் சுவரில் அடித்தால் பச்சை கூசும், ஊதா இருப்பதே தெரியாது. நான் பாதியில் விட்ட படிப்பில் இது இருந்தது. விட்ட பாதியில் அல்ல, படித்த பாதியில்.

3

பச்சை ஐந்து மில்லிவாட். விபத்துக்குப் பிறகு அலமாரிப் பூட்டை நெம்பி நானே அளந்தேன்: ஊதா நூற்றைம்பது. அப்போதும் அது வெளிச்சத்தில் பச்சைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மறுநாள் அந்த விளக்கு பட்டறையில் இல்லை.

பச்சை கண்ணில் பட்டால் இமை தானாக மூடும். ஊதாவுக்கு மூடவில்லை. ஏன் இவ்வளவு மங்கல், லென்ஸில் தூசியா என்று அவள் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான் சம்பவம். வலது கண்ணின் நடுப்பார்வை போயிற்று.

(இங்கே ஒரு அலறல் வைத்திருந்தேன். அவள் படித்துவிட்டாள்.)

"நான் எப்பக் கத்தினேன்?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல."

"அவங்களுக்குப் புரியறதுக்கு நான் கத்தணுமா? தூசின்னு நெனச்சு ரெண்டு நாள் கண்ணக் கழுவிட்டிருந்தேன். அத எழுது."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு மூக்கே இல்லண்ணா. முன்னவிட இப்பப் பரவால்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது. அதையும் மன்னிக்க முடியவில்லை.

4

முடிவு ஒன்று: பார்த்ததை எழுதுகிறேன். "ஊதா மங்கலாகத்தான் இருந்தது." இதில் ஒரு பொய்யும் இல்லை. மங்கல் வெளிச்சம் யாரைச் சுடும் என்பார்கள். கண் முன்பே கெட்டிருந்தது என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்புவார்கள். சிகிச்சை அவள் பாடு.

முடிவு இரண்டு: நூற்றைம்பது என்று எழுதுகிறேன். ஏற்றச் சொன்னது யார் என்று கேட்பார்கள்.

(சூப்பர்வைசர் மனம் மாறும் முடிவு ஒன்றும் யோசித்தேன். நான்கு வரிக்கு மேல் அந்த ஆளை நல்லவனாக்க என்னால் –)

அவளிடமே கேட்டேன்.

"ரெண்டாவத எழுதினா நானும் மாட்டுவேன்."

"மாட்டு."

5

மாட்டிக்கொண்டேன். எண்ணை எழுதினேன். ஏற்று, ஏற்று என்றது என் வாய்தான் என்பதையும் எழுதினேன். மீட்டரைப் பூட்டியது யார் என்பதையும் விடவில்லை.

"தனியாள் சொல்லு எடுபடாதுப்பா" என்றார் சூப்பர்வைசர், அக்கறையாக. படிவத்தின் அடியில் இரண்டாம் சாட்சிக்கு ஒரு கோடு இருக்கிறது. பட்டறையில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். "நாங்க பாக்கலையே" என்று நழுவுகிறார்கள்.

இதைப் படிக்கும் நீங்களும் பார்க்கவில்லை. நல்லது. பார்த்தவன் நான், என் கண்ணுக்குத் தெரிந்தது மங்கல் மட்டும். பார்க்காத உங்களுக்கு அது நூற்றைம்பது என்று தெரியும். இனி தெரியாது என்று சொல்ல முடியாது. கோடு காலியாக இருக்கிறது.