பாறை அண்ணன்

அக்கா வேறு ஊரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்தாள். தங்கை இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது தங்கைக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், மதிப்பெண் அட்டையில் அம்மாவின் இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அக்காதான். முப்பத்துநான்கு வயதான பிறகும் அக்காவுக்கு அவள் ‘பொடிசு’.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அக்கா போன் செய்வாள். ஒன்பது வருஷப் பழக்கம். பேச்சு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்தில் தங்கையின் கணவன் தானே டீ போட்டுக் குடித்துவிட்டு, ஜாடையில் உனக்கு வேண்டுமா என்று கேட்பான்.

அந்த ஒரு மணி முக்கால் மணியானது, பிறகு அரை மணியானது. ஒரு ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி காரைப் பின்னால் எடுத்துத் தன் மாமியாரின் பூந்தொட்டியை நசுக்கிய கதையைத் தங்கை பாதி சொல்லியிருந்தாள்.

“பொடிசு, மீதியை அடுத்த வாரம் சொல்றியா? நாலரைக்குக் கோட்டைக்குள்ள இறங்கணும். அவ காத்துக்கிட்டிருப்பா” என்றாள் அக்கா.

“எந்தக் கோட்டை? எவ?”

எவள் என்று கேட்கும்போதே தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் ஓரகத்தி. அத்தானுடைய தம்பி மனைவி. விலங்கு மருத்துவமனையில் நர்ஸ். அவள்தான் அக்காவை ‘ஏழு கோட்டை’ என்ற இணைய விளையாட்டில் சேர்த்துவிட்டிருந்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் வில்லாளி, வாள்வீரன், வைத்தியச்சி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கூட்டமாகக் கோட்டைகளுக்குள் புகுந்து பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டு. அக்கா வைத்தியச்சி. ஓரகத்தி வில்லாளி.

“ஒரே சிரிப்பு, பொடிசு. நேத்து அவ என்ன பண்ணா தெரியுமா...” என்று தொடங்கிய அக்கா, “அது உனக்குச் சொன்னா புரியாது, விடு” என்று முடித்தாள்.

போனை வைத்த பிறகும் அந்த ‘புரியாது’ தங்கையை விடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தவள் அந்த ஓரகத்தி. நாலு வருஷம்!

மறுநாள் காலை வகுப்பில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஐம்பது வயது, இரண்டு முறை தேர்வில் தவறியவர். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

“சார், ஏழு கோட்டை எப்படி?” என்று கேட்டாள்.

“யாருக்கு? உங்களுக்கா?” அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ரோட்டைப் பாருங்க. கண்ணாடி விக்கிற ஆளு, பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்களே.”

அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார். “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?”

“அரை மணி. மிஞ்சிப்போனா முக்கால்.”

“நடுவுல யாராவது கதவைத் தட்டினா எழுந்து போகணுமா?”

“போகணும்.”

“அப்போ ஏழு கோட்டை வேணாம். அது ஆபீஸ் மாதிரி. நேரத்துக்குப் போகணும், லீவு சொல்லணும், நீங்க பாதியில எழுந்தா மத்தவங்க செத்துப்போவாங்க. ‘படகுத்துறை’ன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் எல்லாரும் சேர்ந்து ஆடுறதுதான். ஆனா மீன் பிடிக்கலாம், படகு கட்டலாம், பத்து நாள் போகலைன்னாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. உங்களை மாதிரி எப்போவாவது ஆடுறவங்களுக்கு அதுதான் சரி.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் படகுத்துறையில் அக்கா இல்லை. அன்று சாயங்காலமே அவள் ஏழு கோட்டையில் சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அக்காவுக்குச் சந்தோஷம்தான். “வா வா, எளிய கோட்டையா ஒண்ணு எடுப்போம்” என்றாள். எட்டுப் பேர் இறங்கினார்கள். தங்கை இரண்டு முறை பாலத்திலிருந்து விழுந்தாள். மூன்றாவது முறை, தொடக் கூடாத கதவைத் திறந்துவிட்டாள். உள்ளேயிருந்து வந்தது எட்டுப் பேரையும் கொன்று போட்டது.

“பரவாயில்லைங்க, ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான்” என்றாள் ஓரகத்தி, ஒலிபெருக்கி வழியாக, இதமான குரலில். நாய்க்குட்டிக்கு ஊசி போடும்போது பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்கும் என்று தங்கைக்குத் தோன்றியது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பெரிய கோட்டைகளுக்குப் போய்விட்டார்கள். இவள் ஒன்பதாம் நிலை. அவர்கள் அறுபது. “நீ மெதுவா வா, பொடிசு. ஒண்ணும் அவசரமில்லை” என்றாள் அக்கா. முன்பெல்லாம் தெருமுனையில் நின்று இவள் ஓடிவரும்வரை காத்திருந்தவள்.

அந்த ஆத்திரத்தில்தான் தங்கை இரண்டாவது வேடம் ஒன்றை உருவாக்கினாள். மலை மாதிரி ஓர் ஆள். உடைந்த மூக்கு, நரைத்த மீசை, கையில் கேடயம். பெயர் ‘பாறை’. கேடயக்காரர்களுக்கு அந்த விளையாட்டில் எப்போதும் தட்டுப்பாடு. முன்னால் நின்று அடி வாங்க யாருக்குத்தான் ஆசை? ஆகவே நல்ல கேடயக்காரனை எந்தக் குழுவும் கைநீட்டி அழைத்துக்கொள்ளும்.

விடிந்ததும் ஒரு மணி நேரம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் காரிலேயே உட்கார்ந்து போனில் கொஞ்சம். மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டாள். அரை மணிக்காரி நாலு மணிக்காரியானாள்.

“என்ன பரீட்சைக்குப் படிக்கிற?” என்று கணவன் கேட்டான்.

“சும்மா இருங்க, அடிக்கிறான்.”

“எவன்?”

“பூதம்.”

அவன் அடுப்படிக்குப் போய்விட்டான்.

இரண்டரை மாதத்தில் பாறை அறுபதைத் தொட்டான். ‘கேடயக்காரர் தேவை’ என்று அக்காவின் குழு அறிவிப்புப் போட்ட அன்றைக்கே போய் நின்றான். மைக் இல்லை, எழுத்தில் மட்டும்தான் பேசுவேன் என்றான். முதல் சண்டையிலேயே வைத்தியச்சியின் மேல் பாய வந்த மூன்று பூதங்களை மறித்து நின்றான்.

“பிரமாதம், பாறை அண்ணே!” என்று எழுதினாள் அக்கா.

தங்கை காரில் தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

நாலைந்து வாரங்களில் பாறை அண்ணன் இல்லாமல் அக்கா கோட்டைக்குள் இறங்குவதில்லை என்றாயிற்று. சண்டை முடிந்தபின் மற்றவர்கள் போய்விட, இருவரும் மட்டும் மதில் மேல் உட்கார்ந்து ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஓரகத்தி, “இப்பெல்லாம் உங்களுக்கு அண்ணன் போதும், நாங்க எதுக்கு?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டதுதான். ஆனாலும் அதில் இருந்த எரிச்சல் தங்கைக்குப் பழக்கமான எரிச்சல். அன்று முழுக்க அவள் வாயில் பாட்டு ஓடியது.

பிறகு ஒரு ஞாயிறு நான்கு மணிக்குப் போன் வரவில்லை. ‘தலைவலி, படுத்திருக்கேன், அடுத்த வாரம் பேசலாம்’ என்று செய்தி மட்டும் வந்தது. தங்கை வாசலில் நின்ற காரில் போய் உட்கார்ந்து, பாறையாக உள்ளே போய்ப் பார்த்தாள். அக்கா மதில் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

‘என்ன தங்கச்சி, தனியா?’ என்று பாறை எழுதினான்.

பதில் மளமளவென்று வந்தது. வேலை போய் ஐந்து வாரமாகிறதாம். கடையை வேறு யாரோ வாங்கி, பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்களாம். தினமும் காலையில் கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம். வீட்டுக்காரருக்கு மட்டும் போன வாரம் சொன்னாளாம்.

‘உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?’ என்று தங்கை அடித்தாள்.

‘ஒரு தங்கச்சி இருக்கா அண்ணே. அவகிட்ட மட்டும் முடியாது. பத்தொன்பது வயசுல இருந்து அவளுக்கு நான் நல்லாத்தான் இருக்கேன். இனிமே மாத்த முடியுமா?’

தங்கை காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அழுதாள். அக்காவுக்காகத்தான் அழுதாள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆனால் பாதி அழுகை அந்த உடைந்த மூக்குக்காரன் மேல் வந்த பொறாமை. அக்காவின் கண்ணீர் அவனுக்குக் கிடைத்தது, இவளுக்குத் தலைவலி கிடைத்தது. அவனை உண்டாக்கியதே தான்தான் என்பது அந்த எரிச்சலைத் துளியும் குறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனில் கேட்டாள். “கடை எப்படிப் போகுது?”

“அதுக்கென்ன, நல்லாப் போகுது.”

“அக்கா, பாறை நான்தான்.”

“நீயா? அந்த ஆளு... நீயா?”

“உன்கூட இருக்கணும்னுதான்...”

“என்கூட இருக்கணும்னா வாசல்ல வந்து நிக்கணும். நீ ஜன்னலுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டிருக்க” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

இரண்டு ஞாயிறுகள் போன் வரவில்லை. இவள் அழைத்தபோது எடுக்கவுமில்லை. தங்கை ஏழு கோட்டையைத் திறக்கவே இல்லை. வகுப்புக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனபோது, கண்ணாடிக் கடைக்காரர் அவள் கண்களைப் பார்த்துவிட்டு, “கடைசியில அதுலதான் சேர்ந்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் வாரம் நடுவில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓரகத்தி.

“தப்பா எடுத்துக்காதீங்க. பாறை நீங்கதான்னு உங்க அக்கா சொன்னாங்க. உண்மையைச் சொன்னா, எனக்கு அந்தப் பாறையைக் கண்டாலே ஆகாது. என்னை ஒரேயடியா ஓரங்கட்டிட்டான்.”

“தெரியும்” என்றாள் தங்கை.

“அது போகட்டும். அவங்க ரெண்டு மாசமா சரியாவே இல்லைங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாங்க. பாறைகிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க. என்னன்னு சொல்லுங்களேன்.”

ஆக, ஓரகத்திக்கும் தெரியாது. தங்கையின் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. அதற்காக வெட்கப்படவும் செய்தாள். ஆனால் குளிர்ச்சி முதலில் வந்தது, வெட்கம் பிறகுதான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று காட்டிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“அதை நான் சொல்றது முறையில்லைங்க. அவகிட்டயே கேளுங்க. விடாம கேளுங்க” என்றாள்.

அந்த ஞாயிறு நான்கு மணிக்கு அக்காவின் போன் வந்தது.

“அவ கேட்டப்போ நீ சொல்லலையாமே” என்றாள் அக்கா.

“சொல்லலை.”

“வாய் ஊறியிருக்குமே?”

“ரொம்ப.”

அக்காவிடமிருந்து சிரிப்பு போல ஒரு சத்தம் வந்தது. பிறகு, “பொடிசு, எனக்கு வேலை போயிடுச்சு” என்றாள், இப்போதுதான் முதல்முறை சொல்வது போல. பாறையாக இருந்தால் தங்கை ஏதாவது எழுதியிருப்பாள். தங்கையாக, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். “இல்லை” என்றாள் அக்கா. அது உண்மை என்று இவளுக்குத் தெரிந்தது. “முதல்ல போய்ச் சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்” என்றாள். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒட்டுக் கேட்டதற்குத் தங்கை மன்னிப்பும் கேட்டாள். “அது ஆறக் கொஞ்ச நாளாகும்” என்றாள் அக்கா. மறைக்கவில்லை.

பாறையை அன்றிரவே அழித்துவிட்டாள். “நாலு மணி நேரமெல்லாம் என்னால முடியாதுக்கா. கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்க என்னால பாதியில நிக்கிறாங்க” என்று சொல்லிப் படகுத்துறைக்கு மாறினாள். அங்கே யாரும் நேரம் கேட்கவில்லை. அரை மணி மீன் பிடித்தாள், கதவு தட்டினால் எழுந்து போனாள், திரும்பி வந்தால் தூண்டில் போட்ட இடத்திலேயே கிடந்தது. அக்காவும் அவ்வப்போது எட்டிப் பார்த்து, இவள் படகுக்குக் கன்னாபின்னாவென்று வண்ணம் அடித்துவிட்டுப் போவாள். ஓரகத்தியும் ஒருமுறை வந்தாள். மூவரும் ஒரே படகில் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை என்று தங்கைக்குப் பட்டது. படகு என்னவோ ஆறு பேர் உட்காரக்கூடியதுதான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் பணி. வார விடுமுறை செவ்வாய். அதனால் போனும் விளையாட்டும் செவ்வாய்க்கு மாறின.

“அவளுக்குத்தான் கஷ்டம், பாவம். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பகல் முழுக்க டியூட்டி. வரவே முடியாது” என்றாள் அக்கா, ஓரகத்தியைப் பற்றி.

“அடடா” என்றாள் தங்கை. அன்றே தன் செவ்வாய் வகுப்புகள் எல்லாவற்றையும் புதனுக்கு மாற்றினாள்.