சீசன் வீடு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் முத்துவடிவு சொந்த வீட்டை விட்டு மாட்டுக்கொட்டிலுக்குக் குடிபோவாள். கல்யாணமாகி வந்த 1925இல் அப்படியில்லை. அப்போது ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. தென்காசி ஸ்டேஷனிலிருந்து வில்வண்டியில் யாராவது வந்து, அருவியில் குளித்து, வாசல் அறையில் இரண்டு நாள் தங்கிப் போவார்கள்.

பிறகு ஊர் விழித்துக்கொண்டது. பஸ் வந்தது. காப்பி கிளப் வந்தது. அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடை முளைத்து, குரங்குகள்கூடப் பழத்தை விட்டு முறுக்குக்கு மாறின. ஊர் வளர வளர வீடு சுருங்கியது. முதலில் வாசல் அறை, பிறகு கூடம், கடைசியில் அடுப்படியும் சீசனுக்கு வந்தவர்களுக்கே வாடகைக்குப் போயின.

"ஊரு முன்னேறுதுட்டி" என்று புருஷன் சுந்தரபாண்டியன் பூரித்துப்போவார். அந்த முன்னேற்றத்தைப் பசுவின் பக்கத்தில் படுத்தபடி அவள் ஆடிதோறும் அனுபவித்தாள்.

1945இல் மகள் உலகம்மை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பிரசவ நாள், ஆடி முதல் வாரம். அதே வாரம் சென்னையில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற முன்சீப் ஒருவர் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தார்.

"கொட்டிலுக்கு வெள்ளையடிச்சுத் தாரேன். நல்லா காத்து வரும்" என்றார் சுந்தரபாண்டியன்.

"அப்ப முன்சீப்ப அங்கன படுக்கச் சொல்லுங்க."

"அவரு பெரிய மனுசருட்டி."

"எம் பேரப்பிள்ள சின்ன ஆளுதான். ஆனா கொட்டில்ல பொறக்காது."

முன்சீப் வரும் நாள் காலையில் உலகம்மைக்கு வலி கண்டது. முத்துவடிவு மகளையும் மருத்துவச்சி முப்பிடாதியம்மாளையும் கூடத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். சுந்தரபாண்டியன் வெளியே நின்று ஊர் மானத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். உள்ளிருந்து முனகல்தான் பதிலாக வந்தது.

வாடகைக் காரிலிருந்து பெட்டி படுக்கை இறங்கும்போது குழந்தை வீறிட்டது. படியில் வைத்த காலை முன்சீப்பின் மனைவி பின்னுக்கு எடுத்தாள்.

"பிரசவமான வீடா? பதினாறு நாள் தீட்டாச்சே."

"தண்ணி தெளிச்சாப் போயிரும்மா. அருவித் தண்ணியில்லா?" என்றார் சுந்தரபாண்டியன்.

அந்த அம்மாள் காருக்குத் திரும்பினாள். சட்டம் படித்த முன்சீப், தானே படுக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

சுந்தரபாண்டியன் ஜன்னலுக்கு வந்தார். "ஏட்டி உலகம்மை, ஒரு நாள் பொறுத்துப் பெத்திருக்கக் கூடாதா?"

"சத்தம் போடாதிய. பிள்ள தூங்குது" என்றாள் முத்துவடிவு.

பதினாறு நாளைக்கு ஊர் முன்னேற்றத்தை மற்ற வீடுகள் பார்த்துக்கொள்ளட்டும். சாரல் வலுத்தது. ஆடி மாதம் தன் வீட்டு ஓட்டில் மழை எப்படிக் கேட்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. பேத்தியின் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துக் கேட்டாள்.