வெள்ளிக்கிழமைப் புகை

வெள்ளவத்தையில் இருந்த அந்த இலவச மருத்துவ நிலையத்துக்குக் கனடாவிலிருந்து, காற்றை இழுத்து ஒட்சிசன் பிரித்துத் தரும் மூன்று மெஷின்கள் வந்திருந்தன. இரண்டு ஒரு வருடத்துக்குள் நின்றுபோயின. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடியில் மூன்றாவதும் கீச்சிடத் தொடங்கியது. வார்டில் கிடந்த நோயாளி சிவக்கொழுந்து அம்மாவின் மூச்சு அதன் குழாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடிதம் போட்டால் புதுசு அனுப்புவினம்," என்றார் நிலையத்தை நடத்திய நாகேந்திரம்.

"போனமுறை வர ஏழு மாசம் எடுத்தது, ஐயா," என்றாள் தாதி பத்மாவதி.

அம்மாவுக்கு அத்தனை மாதம் இல்லை.

மெஷினுக்குப் பதிலாக இரவல் வாங்கி மாட்டிய சிலிண்டர் மாலைவரைதான் தாங்கும். துறைமுகத்தில் குளிரூட்டி திருத்தும் சிறிலுக்குப் பத்மாவதி ஆள் அனுப்பினாள். கொட்டாஞ்சேனையிலிருந்து அவர் வந்து சேர மூன்று மணியாயிற்று.

"பைக்குள்ள வயரும் மீற்றரும். செக் பொயின்ற்றில ஆமிக்காரன் விடுவானோ? மூச்சு விடுற மெஷின் திருத்தப் போறன் மாத்தயா எண்டு சிங்களத்தில சொன்னன். என்னை மூச்சு விடாமல் நிக்கச் சொன்னான்," என்றார் சிறில்.

பின்மூடியைக் கழற்றி, காற்று வடிகட்டும் பஞ்சை எடுத்தார். தூசிக் கறுப்பில்லை, மண்ணிறப் பிசின். முகர்ந்து பார்த்தார்.

"மிஸ், இங்க ஆர் சாம்பிராணி போடுறது?"

பத்மாவதி எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிதோறும் நாகேந்திரம் தூபக்காலோடு வார்டைச் சுற்றி வருவார். கண்ணூறு படக்கூடாதென்று மெஷின்களுக்கு மட்டும் மூன்று சுற்று. முதலாவது நின்றபோது சாம்பிராணியை இரட்டிப்பாக்கினார். தணலை விசிறிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஒட்சிசனுக்குப் பக்கத்தில நெருப்பு! மாதாவே, கட்டடம் நிக்கிறதே புதுமை," என்றார் சிறில். நின்றுபோன மெஷின்களைக் கிளறி, ஓரளவு சுத்தமான வடிகட்டிகளைத் தேடி மாட்டினார். கீச்சொலி அடங்கியது. "கிழமைக்கொருக்காப் பஞ்சைக் கழுவுங்கோ. இன்னும் புகை பட்டால் இதுவும் நிண்டுபோம்."

அடுத்த வெள்ளி பத்மாவதி வார்டு வாசலில் நின்றாள்.

"விலகு பிள்ளை," என்றார் நாகேந்திரம். கையில் தூபக்கால் புகைந்தது.

சிறில் சொன்னதைச் சொன்னாள்.

"ஒரு மெக்கானிக்கின்ர கதையைக் கேட்டு சாமி காரியத்தை மறிக்கிறியோ? உன்னை வேலைக்கு எடுத்தது நான்."

"ஓம் ஐயா. அம்மாவைப் பாக்கத்தான் எடுத்தனீங்கள். விலகமாட்டன்."

அவர் அவளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். சிவக்கொழுந்து அம்மா வாய் திறந்து உறங்கினாள். போர்வை ஏறி இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தணல் சாம்பல் பூத்தது. வெளியே, காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப ரெண்டு மெஷினையும் நான்தானே..." என்றார் கடைசியில்.

"நானும்தான், ஐயா."

அவர் முற்றத்துக்கு இறங்கி, தணலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க அந்தப் பஞ்சு?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். குழாயடியில் வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார்.

"முறுக்காதேங்கோ, ஐயா, கிழிஞ்சுபோம். அமத்திப் பிழியுங்கோ."

மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. தெளிந்து வரும்வரை அவள் அவரை விடவில்லை.