ஆறு மாதத் தண்ணீர்

வெளியிலிருந்து வந்த பரிசோதனை அறிக்கையை அவள் மேசையில் வைத்துவிட்டு மேலாளர் ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வாயாடி மனிதர் அவர். அவர் வாய் மூடிக்கொண்டால் விஷயம் பெரியது என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பதினெட்டு வருடமாக அவள் அங்கே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். லாரிக்காரர்கள் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் லேப் அக்கா. நகரத்துக் குப்பையெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும் இடத்தின் அடிவாரத்தில்தான் அந்தச் சுத்திகரிப்பு நிலையம். பெய்கிற மழை குப்பைக்குள் இறங்கி, உள்ளே அழுகிக் கிடப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு, அடியில் கன்னங்கரேலென்று கசியும். அந்தச் சாற்றைக் குழாயில் பிடித்து, தொட்டி தொட்டியாக மாற்றி, காற்றடித்து, வடிகட்டி, கடைசியில் கரி நிரப்பிய இரண்டு உயரமான டேங்குகள் வழியாக இறக்கி ஓடையில் விடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் கடைசிக் குழாயில் விழும் தெளிந்த தண்ணீரைக் கண்டு வாயைப் பிளப்பார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. ஒட்டாத வாணலியின் பூச்சு, மழைக்கோட்டின் மெழுகு, யாரோ தூக்கிப்போட்ட மாத்திரை, இவற்றிலிருந்தெல்லாம் கரைந்து வருவது நீச்சல் குளத்தில் ஒரு துளி என்கிற கணக்கில்தான் இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, தொட்டியில் கழிவைத் தின்னும் கிருமிகூட இதைத் தின்னாது. கரிதான் அதைப் பிடித்து வைக்கும். கரிக்கும் ஓர் அளவு உண்டு. நிரம்பிவிட்டால் புதிதாக வருவதைப் பிடிக்காது; பிடித்து வைத்ததையும் மெல்ல வெளியே விடும். நிரம்பிவிட்டதா என்பதை அவளுடைய கருவிகளால் கண்டுபிடிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

போன முறை அவள் அனுப்பவில்லை.

யாரும் தடுக்கவில்லை. பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வண்டி வரும்வரை காத்திருந்து ஒப்படைக்க மூன்று மணி நேரமாகும். அன்றைக்கு வீட்டுக்குப் புது அலமாரி வந்து இறங்குகிற நாள். ஆளில்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றிருந்தார்கள். "அடுத்த தவணையில் அனுப்பப்படும்" என்று பதிவேட்டில் எழுதினாள். மேலாளர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அறிக்கையில் இருந்த எண், இருக்க வேண்டியதைப் போலப் பதினோரு மடங்கு.

"எப்பலேர்ந்து இப்படின்னு சொல்ல முடியுமா?" என்றார் மேலாளர், திரும்பாமலே.

"போன டெஸ்ட் அனுப்பியிருந்தா சொல்லலாம். இப்ப... ஆறு மாசத்துல எப்ப வேணா ஆரம்பிச்சிருக்கலாம் சார்."

"இன்னைக்கே கரிய மாத்தச் சொல்லிட்டேன். ரெண்டாவது டெஸ்ட் வந்து உறுதியாகட்டும், பதினஞ்சு நாள். அப்புறம் ஆபீஸே நோட்டீஸ் ஒட்டும். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க."

"பதினஞ்சு நாளும் ஓடைக்கரைல கிணத்துத் தண்ணியக் குடிப்பாங்களே."

"ஆறு மாசம் குடிச்சவங்கதானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது சொல்லக்கூடாத வார்த்தையாகப் பட்டிருக்க வேண்டும்.

அவள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். ஓடையை ஒட்டி மூன்றாவது நிறுத்தத்தில் அவள் தம்பி வீடு. பத்து வருடத்துக்கு முன்னால், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து அலுத்துப்போய், ஓடைக்கரையில் கிணறு வெட்டட்டுமா என்று அவன் அவளிடம்தான் கேட்டான். "நான் இருக்கேன்ல, தைரியமா வெட்டு" என்றாள். அந்தத் தண்ணீரில் தக்காளி போட்டான். அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவன் மகளுக்கு இது ஏழாவது மாதம். பஸ்ஸில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். எப்படி எண்ணினாலும் ஆறு, அந்த ஏழுக்குள்தான் போய் உட்கார்ந்தது.

"என்ன அத்தை, வேலை நாள்ல வந்திருக்கீங்க? வேர்த்து ஊத்துது பாருங்க" என்று தம்பி மகள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தம்பி தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தான். டம்ளர் குளிர்ச்சியாக இருந்தது. வேண்டாமென்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் சொல்ல வேண்டும். அவள் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள். நல்ல தண்ணீர். எந்த ருசியும் இல்லை.

பிறகு சொன்னாள். நின்றுகொண்டே, அலமாரியைக்கூட விடாமல் சொன்னாள்.

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம் அவனுக்கு. அவன் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சேதான் குடிச்சியா?"

"ஆமா."

"எதுக்குக்கா?"

தம்பி மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆகுமா அத்தை?"

ஒன்றும் ஆகாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை முறை சொல்லிப் பழகிய தொனி அது. "தெரியலம்மா" என்றாள். "ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆனா எனக்குத் தெரியல. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்."

"நீங்க வர வேண்டாம்" என்றாள் தம்பி மகள். குரல் உயரவில்லை. "நாங்களே போய்க்கறோம்."

தம்பி எழுந்துபோய் மோட்டார் சுவிட்சை அணைத்தான். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் இருமி இருமி நின்றது. திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டான். பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான்.

"இந்தப் பக்கத்துல மூணு வீட்டுக்காரங்க என் பேச்சக் கேட்டுத்தான் கிணறு வெட்டினாங்க. எங்கக்கா அங்கதான் இருக்கா, அவ பாத்துப்பான்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் செருப்பைத் தேடினான். காலடியிலேயே கிடந்தது. "வா. நீயே வந்து சொல்லு. என்னால சொல்ல முடியாது."

"ஆபீஸ்ல தெரிஞ்சா..."

"தெரியட்டும்."

அவன் முன்னால் நடந்தான். எப்போதும் அவளோடு பக்கத்தில் வளவளவென்று பேசிக்கொண்டே நடக்கிறவன். இன்று நாலு எட்டு முன்னால் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. வேலியோரம் தக்காளிச் செடிகள் காய்த்துத் தொங்கின. நல்ல காய்ப்பு, கயிறு கட்டித் தாங்கியிருந்தான். எட்டிப் பிடித்து ஒரு வார்த்தை பேசிவிடலாமா என்று நினைத்தாள். என்ன வார்த்தை என்று தெரியாததால் அப்படியே பின்னால் நடந்தாள்.

முதல் வீட்டுக் கதவைத் தம்பி தட்டினான். தட்டிவிட்டு ஒதுங்கி, அவளை முன்னால் விட்டான்.

கதவைத் திறந்த பெண்ணின் இரண்டு கைகளும் முழங்கை வரை ஈரம். இடுப்பில் துடைத்துக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாக, "அட, உங்க அக்காவா! உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் சமையலறையில் குழாய் திறந்தே கிடந்தது. ஏதோ ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விழும் ஓசை, நிரம்ப நிரம்ப, மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.