தண்ணி வண்டியும் ரெண்டு புதுப் பெட்டியும்

சவுண்டு சர்வீஸ்காரர் என்று ஊரில் யாரும் அவரைச் சொல்வதில்லை. கரகர என்றுதான் சொல்வார்கள். அவருடைய பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒருமுறை மழையில் நனைந்துபோனது. அன்றிலிருந்து அதில் யார் பேசினாலும் தொண்டை கட்டிய தவளை பேசுவது போலத்தான் கேட்கும். அந்தக் கெட்ட பெயரைத் துடைத்தெறியத்தான் போன மாதம் ரெண்டு புதுப் பெட்டி வாங்கினார். ஆள் உயரம், கன்னங்கரேல். வீட்டில் அதன்மேல் ஒரு டம்ளர் வைக்கக்கூட மனைவியை விட்டதில்லை.

அதன் முதல் வேலையே இப்படி வந்து மாட்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஊர்க் குழாய்களையெல்லாம் ஏழெட்டு நாட்டில் தண்ணீர் விற்கிற ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாதிரிக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் விமானத்தில் வந்து இறங்கி, பெரிய மண்டபத்தில் மாநாடு போட்டிருந்தார்கள். அதை எதிர்த்துத்தான் மண்டபத்துக்கு முன்னால் போராட்டம். தலைமை, கரகரவின் மச்சான். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுநர். மச்சான் கேட்டு இல்லை என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. புதுப் பெட்டிகளைக் கொடுத்தார்.

அன்று காலையிலேயே இன்ஸ்பெக்டரும் ஆள் அனுப்பிவிட்டார். போலீஸ் வண்டி மைக் மண்டையைப் போட்டுவிட்டதாம். போலீஸ் கேட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. தவளைப் பெட்டியைக் கொடுத்தார்.

ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வொயர் இல்லாத மைக். அங்கேதான் சறுக்கினார். ரெண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ரெண்டுக்கும் ஒரே அலைவரிசை. இதுவரை ரெண்டையும் ஒரே தெருவுக்கு அனுப்பியதில்லை என்பதால் அவருக்கு அது உறைக்கவே இல்லை.

தெருவுக்கு வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது, கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சும் போலீஸ் வண்டிதான். அதன் குழாய் மூக்கு நேராகப் புதுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சானிடம் ஓடினார்.

"மச்சான், பெட்டியைக் கொஞ்சம் ஓரமா நகத்திக்கட்டுமா?"

"மாமா, போராட்டம்னா நடுத்தெருவுலதான். ஓரமா நின்னு கத்துறதுக்கு நான் என்ன ஐஸ் விக்கிறேனா?"

"அடிச்சா முதல்ல நனையுறது என் பெட்டிடா!"

"நானும்தான் நனைவேன். அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ காஞ்சுடுவடா!"

மச்சான் தொண்டை வறளக் கோஷம் போட்டுவிட்டு, மைக்கை அணைத்து வைத்து உட்கார்ந்தார். உடனே புதுப் பெட்டிகளில் இடி முழங்குகிற மாதிரி ஒரு குரல். "எல்லாரும் கலைஞ்சு போங்க! இல்லைன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி வரும்!"

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து கேட்டாள். "நெசமாவா? வீட்டுக்குப் போயி கொடத்தை எடுத்துட்டு வந்துரட்டுமா?"

தெருவே கொல்லென்று சிரித்தது. கரகரவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போலீஸ் மைக் நம்ம பெட்டியில் பேசுகிறது! வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். சத்தத்தைக் குறைக்க ஆம்ப்ளிஃபையர் மேல் பாய்ந்தார்.

அந்தப் பக்கம், தவளைச் சத்தம் தாங்காமல் கான்ஸ்டபிள் பழைய பெட்டியை அணைத்துவிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மைக்கை அணைக்க மறந்து அக்குளில் செருகிக்கொண்டார். ஒரு காதில் வாக்கி டாக்கி, கூச்சல் தாங்காமல் மறு காதில் விரல்.

"தண்ணி வண்டியை ஸ்டார்ட் பண்ணுய்யா... என்னது? தண்ணி இல்லையா?"

கரகரவின் கை குமிழ் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"நெரப்பப் போனா பைப்புல காத்துதான் வருதா? கம்பெனிக்கு போன் போட வேண்டியதுதானே? ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு பாட்டு போடுதா? சரியாப் போச்சு! என் வீட்லயும் இதே கதைதான்யா. சோப்பு போட்டுட்டு நிக்கிறேன், தண்ணி நின்னுபோச்சு. அந்த சோப்போட யூனிஃபார்மை மாட்டிட்டு வந்திருக்கேன். உடம்பெல்லாம் அரிக்குது. வெளங்குவானுங்களா இந்தக் கம்பெனிக்காரனுங்க?"

கைதட்டல் தெருவைப் பிளந்தது. "மாமா, கொறைச்சுடாதே!" என்றார் மச்சான். குறைப்பதாவது! பெட்டி நனையாது என்று தெரிந்ததும் கரகர குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றியே வைத்தார். என்ன ஒரு சுத்தமான சத்தம்! சொறிகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

அடுத்த தெருவில் காருக்குள் இருந்த கமிஷனருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டரின் வாக்கி டாக்கியில் அவர் கத்த, அக்குள் மைக் வழியாக அதுவும் பெட்டியில் வந்தது.

"எவன்யா அது, கம்பெனியை மைக்ல கண்டபடி திட்டுறவன்? முதல்ல அவனைத் தூக்கு!"

இன்ஸ்பெக்டர் காதிலிருந்து விரலை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். மெதுவாகத் தன் அக்குளைப் பார்த்தார்.

"ஐயா... அது வந்து... நான்தாங்கய்யா."

தெரு முழுக்க "நான்தாங்கய்யா" என்று முழங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் கமிஷனர் குரல் மறுபடி வந்தது. "அந்தப் பெட்டியெல்லாத்தையும் அள்ளி வண்டியில போடு!"

ரெண்டு கான்ஸ்டபிள்கள் வந்து பெட்டியைச் சாய்த்து, தரையில் இழுக்கப் பார்த்தார்கள். கரகர அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காதீங்க சார், அடி தேஞ்சுடும்! பெட்டி என்ன சார் பண்ணுச்சு? ஒரே சேனல்ல ரெண்டு மைக்கைக் குடுத்த மடையன் நான்தான். என்னைப் புடிச்சுட்டுப் போங்க!"

மானம் போனால் போகட்டும், பெட்டி போகக்கூடாது. மச்சானே ஆடிப்போய்விட்டார். யாரையாவது பிடித்தாக வேண்டிய இன்ஸ்பெக்டருக்கும் அது தோதாக இருந்தது. பெட்டியை விடச் சொல்லிவிட்டு, கரகரவை வண்டியில் ஏற்றினார். ஜன்னல் கம்பி வழியாக அவர் கத்திக்கொண்டே போனார். "மச்சான், கைப்பிடியைப் புடிச்சுத் தூக்குடா! படுக்கப் போடாதே!"

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் முதுகைச் சீட்டில் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"சாயந்திரமா விட்டுடுறேன். நாளைக்கு எங்க தெருவுல தண்ணிக்காக மறியலாம். என் சம்சாரம்தான் தலைமை. அந்தப் பெட்டி ரெண்டும் கிடைக்குமான்னு இப்பதான் போன் பண்ணிக் கேக்கச் சொன்னா."

"மறியலைத் தடுக்க யாரு சார் வருவாங்க?"

"நான்தான்."

"வண்டியோடயா?"

"வண்டியோடதான்."

கரகர யோசித்தார்.

"அது நாளைக்கும் காலியாத்தான் வரும்னு சத்தியம் பண்ணுங்க சார். தர்றேன்."